சாக்பீஸ் போட்ட கிட்டார்

செக்கிங் சம்பந்தத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பனியன்கூட வெளியே போனதில்லை என்று திருப்பூரில் பேச்சு. அப்பன் வைத்த பெயர் ஞானசம்பந்தம். அந்த முழுப்பெயர் ரேஷன் கார்டோடு சரி. கம்பெனிக்காரர்கள், டீக்கடைக்காரர், சொந்தபந்தம் எல்லாருக்கும் அவர் செக்கிங் சம்பந்தம்தான்.

பொங்கியண்ணன் பனியன் கம்பெனியில் தைத்து முடிந்த சரக்கு அத்தனையும் அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். மேஜைக்கு மேலே தலையில் இடிக்கிற உயரத்தில் ஒரு டியூப் லைட். பனியனுக்குள் கையை விட்டு விரிப்பார், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், முன்னும் பின்னும் ஒரு திருப்பு. மெஷினில் ஊசி உடைந்து கண்ணி விட்ட இடம், எண்ணெய் சொட்டின இடம், தையல் தாவின இடம் எதுவும் அந்தத் திருப்பில் தப்பாது. சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்பீஸ் வெளியே வரும். குறையைச் சுற்றி ஒரு வட்டம் விழும். வட்டம் விழுந்த பனியன் செகண்ட்ஸ். மூலையில் கிடக்கிற குவியலுக்குப் போய்விடும். வாரக் கடைசியில் செகண்ட்ஸ் வியாபாரி தராசோடு வந்து எடை போட்டு அள்ளிக்கொண்டு போவான்.

அந்த வியாபாரி மயில்சாமி வேறு யாருமில்லை, சம்பந்தத்தின் மனைவி பழனியம்மாளுக்குக் கூடப் பிறந்த தம்பி. மச்சினனுக்காக நல்ல சரக்கை ஒதுக்குகிறார் என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வந்ததில்லை. எங்கே குறை என்று கேட்டால் வட்டத்துக்குள் விரலை வைத்துக் காட்டிவிடுவார். கேட்டவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

ஒரு தீபாவளிச் சமயம். பம்பாய்க்குப் போகிற சரக்கில் கொஞ்சம் குறைந்துபோனது. முதலாளி பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலுக்கே வந்துவிட்டார்.

“சம்பந்தம், இதுல ரெண்டு டஜன் தேறுமப்பா. பொடிப் பொத்தல்தானே. எடுத்து மடிச்சு வையி.”

“சாக்பீஸ் போட்டாச்சுங்க.”

“தட்டி உட்டாப் போயிருமில்ல?”

“சாக்பீஸ் போயிருமுங்க. நான் போட்டது போட்டதுதானுங்க. வட்டம் உழுந்தப்பவே அது மயில்சாமி சரக்கு. வேணும்னா அவங்கிட்டக் கேட்டு வாங்கிக்கோங்க.”

“எஞ் சரக்கை நான் உம் மச்சினங்கிட்டக் கேட்டு வாங்கோணுமா? நல்லா இருக்குதே நாயம்!”

திட்டிக்கொண்டே போனார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே மற்ற முதலாளிகளிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். தனக்கே இப்படிச் சொல்கிறவன் கையில் சரக்கு இருந்தால் தான் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். இந்தப் பேச்செல்லாம் நடக்கிறபோது மயில்சாமி தராசுப் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். 

கம்பெனியில் இருந்த கண் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? சந்தையில் சம்பந்தத்தின் தலை தெரிந்தால் கத்தரிக்காய்க்காரி கூடை மேல் சாக்கை இழுத்துப் போடுவாள். பொட்டுக்கடலையைக்கூட தட்டில் பரப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். பழனியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

“என்னையும் லைட்டுல தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டுத்தானுங்க கட்டிக்கிட்டாரு. அன்னைக்கின்னு பாத்துக் கரண்டு போயிருச்சு. தப்பிச்சேன்.”

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கிட்டார் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தேர் நோம்பித் திருவிழாவுக்கு வந்த ஒரு கச்சேரியிலிருந்து வந்தது. மேடையில் எத்தனையோ வாத்தியம் இருந்தும் அது ஒன்றின் மேல்தான் அவர் காது போய் ஒட்டிக்கொண்டது. உள்ளூர் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவனுக்குப் பெட்டி தூக்கி, டீ வாங்கிக் கொடுத்து, விரல் தோல் உரியப் பழகிக்கொண்டார். இசை நோட்டு எழுதவோ படிக்கவோ தெரியாது. காதில் விழுந்தது கையில் வரும். அந்த ஆள் வேறு ஊர் போனதும் அந்த இடத்தில் சம்பந்தம் உட்கார்ந்தார். கிட்டார் குழுவுக்குச் சொந்தமானது. கச்சேரி முடிந்த கையோடு பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

அடுத்தவன் செய்த தப்பைத் தேடித் தேடியே பதினாலு வருஷம் நின்றாயிற்று. அந்தக் கையால் நல்லதாக ஒன்று வருகிறது என்றால் அது கிட்டாரில் மட்டும்தான் வந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கம்பிமேல் விரல் போகிறபோது முகத்தைப் பார்த்தால் தெரியும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. மாப்பிள்ளை வீட்டுக்கு உறவுக்காரராக வந்திருந்தார் கிட்டுசாமி. கோயமுத்தூரில் பெரிய மெல்லிசைக் குழு வைத்து நடத்துகிறவர். ஊட்டி முதல் பாலக்காடு வரை பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் அவர் குழுதான். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து சம்பந்தத்தின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்தக் கையி இத்தனை நாளு எங்கீங்க இருந்துச்சு?”

“பனியன் கம்பெனியிலீங்க.”

“அட போங்க! கையி நல்ல கையி. நீங்க புடிச்சிருக்கறதுதான் கட்டில் காலு. எங்கிட்ட வாசிக்கறவன் தை மாசம் மெட்ராஸ் போறான். நல்ல கிட்டாரா ஒண்ணு சொந்தமா எடுத்துக்கிட்டு வாங்க. உங்க கம்பெனிக் கூலிக்குக் குறையாம மாசச் சம்பளம் தர்றேன். ஆனா ஒண்ணுங்க. கிட்டாரு நல்லா இருக்கோணும். டப்பாவைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா வாசப்படியோட சரி.”

செக்கிங் மேஜையை விட்டு இறங்க அவருக்கு வந்த ஒரே வழி அது. வீட்டுக்கு வந்து பழனியம்மாளிடம் சொன்னார். அவள் பனியன் நூல் பிசிர் வெட்டிக்கொண்டே கேட்டாள். கத்திரிக்கோல் நிற்கவில்லை.

“அறுநூறு” என்றாள் கடைசியில். “உங்க போனஸும் எஞ் சீட்டுப் பணமும் சேந்து அதுதான் வரும். ஓடு மாத்தறதுக்குன்னு வெச்சிருந்தேன். பாத்திரம் தட்டற அனுப்பர்பாளையத்துல குடியிருந்துக்கிட்டு ஒழுகற எடத்துக்கு வெக்கப் பாத்திரம் பத்தல எனக்கு. அறுநூத்துக்கு மேல ஒரு ரூவான்னாலும் கிட்டாரும் வேண்டாம், கோயமுத்தூரும் வேண்டாம்.”

“அதுக்குள்ள முடிச்சுக்கறேன்.”

“பாத்து நல்லதா வாங்குங்க. பாக்கறதுக்கு உங்களுக்கா சொல்லித் தரோணும்?”

அறுநூறு அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. சாதாரணக் கிட்டார் நூற்றைம்பதுக்கே கிடைத்தது. அறுநூறு கொடுத்தால் கோயமுத்தூர்க் கடையில் கல்கத்தாச் சரக்கில் முதல் தரம் வரும். சீமைக் கிட்டார் புதுசாக வேண்டுமென்றால் கனவுதான். இந்த இடத்தில்தான் மயில்சாமி ஒரு சேதி கொண்டுவந்தான். அவனுக்குப் பழைய சரக்குக்காரர்கள் எல்லாரும் பழக்கம்.

“மச்சான், போத்தனூரு ரயில்வே காலனியில சட்டைக்காரங்க, அதானுங்க ஆங்கிலோ இந்தியருங்க, கொஞ்சம் கொஞ்சமா ஆஸ்திரேலியா போய்ட்டிருக்கறாங்க. கட்டிலு, பீரோ, பீங்கான் தட்டு எல்லாம் வித்துட்டுப் போறாங்க. ஒருத்தர் ஊட்டுல கிட்டாரு இருக்குதாம். சீமைச் சரக்கு. ஞாயித்துக்கெழமை போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா?”

போனார்கள். அந்த வீட்டுக்காரர் பெயர் ராட்ரிக்ஸ். ரயில் எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வீட்டில் பாதிச் சாமான் போய்விட்டது. சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து துணி உறை போட்ட கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உடனே கொடுக்க மனம் வரவில்லை.

“எங்க டாடி கப்பல்ல கொண்டாந்தது மேன். ஸ்பெயின்ல செஞ்சது. நாப்பது வருஷம் ஆச்சு. மொதல்ல வாசி. வெலை அப்புறம் பேசலாம்.”

சம்பந்தம் வாங்கி மடியில் வைத்துத் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். சட்டைப் பித்தான் நெஞ்சில் அதிர்ந்தது. காலி வீடு, அடுத்த அறையில் இருந்த டிரங்குப் பெட்டியும் கூடச் சேர்ந்து முனகிற்று. அப்புறம் வாசித்தார். அவருக்குத் தெரிந்ததே நாலைந்து பாட்டுத்தான். அதில் ஒன்றை எடுத்தார். விரலை வைத்த இடத்தில் எல்லாம் சத்தம் நின்று, நிறைந்து, மெள்ள இறங்கிற்று. சமையல்கட்டிலிருந்து ராட்ரிக்ஸின் மனைவி கரண்டியோடு வந்து கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். மயில்சாமி வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தான்.

வாசித்து முடித்துவிட்டு அப்படியே பணத்தை எடுத்து வைத்திருந்தால் சம்பந்தத்தின் கதை வேறு. மனுஷன் என்ன செய்தார்? எழுந்து கிட்டாரை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். முன்னும் பின்னும் ஒரு திருப்பு.

முழங்கை பட்டுப் பட்டு ஓரத்தில் நிறம் போயிருந்தது. ஓட்டைக்குக் கீழே நகக் கீறல்கள். அப்புறம் அதைப் பார்த்தார். கம்பி கட்டுகிற கட்டைக்குக் கீழே, மேல் பலகையில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பசை வைத்து ஒட்டியிருந்தது. எட்ட நின்று பார்த்தால் ஒருத்தருக்கும் தெரியாது. சம்பந்தத்துக்குத் தெரிந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. நீலச் சாக்பீஸ் வெளியே வந்தது. வெடிப்பைச் சுற்றி ஒரு வட்டம்.

“ஏய்! என்ன மேன் பண்றே நீ?” ராட்ரிக்ஸ் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார். கைக்குட்டையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். “பனியனா இது? எங்க டாடி கிட்டார் மேன்!”

“மன்னிச்சுக்கோங்க. கைப் பழக்கமுங்க.”

ராட்ரிக்ஸ் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் தணிந்து சொன்னார். “பழைய மரம் வெயில் காலத்துல ஒருக்கா வெடிச்சுது. உள்ளே பட்டை வெச்சு ஒட்டியாச்சு. இருவது வருஷமா ஒண்ணும் ஆகல, இனியும் ஆகாது. நீ நல்லா வாசிக்கறே, அதனால அறுநூறு சொல்ல நெனச்சவன் ஐநூத்தி எழுவத்தஞ்சு சொல்றேன். கண்ணை மூடிட்டு இன்னொருக்கா வாசிச்சுப் பாரு மேன். காதைக் கேளு.”

சம்பந்தம் கையை நீட்டவில்லை. அவருக்குக் காது ஒரு பக்கம் இழுத்தது, உண்மைதான். ஆனால் வெடிப்பைப் பார்த்த கண் வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்றது. ஓடு மாற்ற வைத்த காசைக் கொடுத்து வெடித்த சரக்கைக் கொண்டுபோனால் பழனியம்மாள் என்ன சொல்லுவாள்? பாட்டுக்கு நடுவில் பிளந்துகொண்டால் கிட்டுசாமி என்ன சொல்லுவார்? அந்த நேரம் பார்த்து மயில்சாமி சிரித்தான்.

“செக்கிங் சம்பந்தம் ஊட்டுல செகண்ட்ஸ்! டீக்கடையில ஒரு வாரத்துக்குப் பேச்சு இதாத்தான் இருக்கும். நீங்க ஒதுக்குனா எனக்குத்தானுங்களே வரும், மச்சான். தராசு கொண்டுட்டு வரட்டுமா?”

விளையாட்டுக்குச் சொன்னானா, வேண்டுமென்று சொன்னானா என்பது அவனுக்கும் பழனி முருகனுக்கும்தான் வெளிச்சம். சம்பந்தத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. ஊரெல்லாம் வட்டம் போட்டவன் வீட்டில் வட்டம் விழுந்த சரக்கா?

“வெடிச்ச சரக்குங்க. வேண்டாமுங்க” என்றார்.

ராட்ரிக்ஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். அவர்கள் கேட்டைத் தாண்டுகிறபோது உள்ளே அவர் அந்தக் கிட்டாரை ஒரு தடவை வருடிவிட்ட சத்தம் வந்தது. சம்பந்தம் நின்றார்.

“வாங்க மச்சான், வண்டி போயிரும்” என்று மயில்சாமி கையைப் பிடித்து இழுத்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சம்பந்தம் தனியாகக் கோயமுத்தூர் போனார். பஜாரில் பெரிய வாத்தியக் கடை. வெளியே பஸ் ஹாரன், உள்ளே ரேடியோ, பக்கத்தில் ஒருத்தன் தபேலாவைச் சுதி பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தார். கல்கத்தாச் சரக்கு, முதல் தரம். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகச் சிவந்து கறுத்திருந்தது. ஓட்டையைச் சுற்றிச் சிப்பியில் பூ. மேலே முகம் தெரிந்தது. சம்பந்தம் அதைக் கடையின் டியூப் லைட்டுக்கு அடியில் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க, கிட்டாரை எல்லாரும் வாசிச்சுப் பாப்பாங்க. நீங்க எக்ஸ்ரேயில்ல எடுக்கறீங்க?” என்றார் கடைக்காரர்.

ஒரு கீறல் இல்லை. ஒரு பிசிர் இல்லை. சாக்பீஸுக்கு வேலையே இல்லை. அந்த இரைச்சலில் பேருக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஐநூற்றுத் தொண்ணூறு கொடுத்து வாங்கினார். மீதிப் பத்து ரூபாயை அப்படியே கொண்டுவந்து பழனியம்மாள் கையில் வைத்தார். அவள் கிட்டார் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, “கண்ணாடி தோத்துதுங்க!” என்றாள். அக்கம்பக்கத்தார் வந்து முகம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அனுப்பர்பாளையத்தில் அவர் வீட்டுக்கு அந்தப் பக்கமும் பாத்திரப் பட்டறை, இந்தப் பக்கமும் பாத்திரப் பட்டறை. பொங்கல் வருகிறது என்றால் பித்தளைப் பானை தட்டுகிற சுத்தியல் ஓயாது. அந்தத் தட்டலுக்கு நடுவில்தான் சம்பந்தம் தினமும் வாசித்துப் பழகினார். தன் விரல் போகிற இடம் அவருக்குத் தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. ஒரு அமாவாசை அன்றைக்குப் பட்டறைகள் லீவு. தெருவே அமைதியாக இருந்தது. ஆசையாக எடுத்து மடியில் வைத்து வாசித்தார். சத்தம் மேலேயே வழுக்கிக்கொண்டு போயிற்று. தடித்த கம்பி தகரத்தில் கொசு சுற்றுவது மாதிரி இருந்தது. சட்டைப் பித்தான் அதிரவில்லை. கம்பிதான் சரியில்லை என்று நினைத்துப் புதுக் கம்பி மாற்றினார். புது மரம், போகப் போகப் பழகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் சுத்தியல் தொடங்கியதும் அந்தக் கவலையும் அதில் அமுங்கிவிட்டது.

தை பிறந்தது. கோயமுத்தூரில் கிட்டுசாமி குழு பழகுகிற மாடி அறைக்குப் போனார். வெளிச் சத்தம் வராமல் ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்திருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். கிட்டுசாமி ஆர்மோனியத்தில் எடுத்துக் கொடுத்தார். சம்பந்தம் வாசித்தார். கொஞ்ச நேரத்தில் கிட்டுசாமி கையை நிறுத்திவிட்டார்.

“இன்னுங் கொஞ்சம் அழுத்திப் புடிங்க.”

அழுத்தினார். கம்பி கத்திற்று, பெட்டி பேசவில்லை.

கிட்டுசாமி கிட்டாரை வாங்கி வயிற்றில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பை வெளிச்சத்தில் காட்டினார்.

“இங்க பாருங்க. மூணு தகடு ஒட்டின பலகை. மேல இத்தாத்தண்டிக் கனத்துக்கு வார்னீஷ். மரம் எங்கீங்க ஆடும்? ஆடாத மரத்துல சத்தம் எப்படீங்க வரும்? என்ன குடுத்தீங்க?”

“ஐநூத்தித் தொண்ணூறுங்க.”

கிட்டுசாமி உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் அலமாரியைத் திறந்து துணி உறை போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார். “சரி, இதுல வாசிங்க. உங்க கையி இன்னும் அங்கியேதான் இருக்குதான்னு பாக்கறேன்.”

அந்தத் துணி உறையைச் சம்பந்தம் முன்னே பார்த்திருக்கிறார். உறையை எடுத்தார். ஓரத்தில் நிறம் போயிருந்தது. ஓட்டைக்குக் கீழே நகக் கீறல்கள். கட்டைக்குக் கீழே விரல் நீளத்துக்கு அந்த வெடிப்பு. ராட்ரிக்ஸ் எவ்வளவு துடைத்தும் வெடிப்புக்குள் இறங்கின சாக்பீஸ் போகவில்லை. மயிரிழை மாதிரி நீலக் கோடு ஓடிற்று.

வாசித்தார். பித்தான் நெஞ்சில் அதிர்ந்தது. பாட்டுப் பாதி போவதற்குள் மூலையில் இருந்த தபேலாக்காரர் யாரும் சொல்லாமல் கூடச் சேர்ந்துகொண்டார். முடிந்ததும் கிட்டுசாமி, “இது கிட்டாரு! இது கையி!” என்று தொடையில் தட்டினார்.

“இது எங்கீங்க கெடைச்சுது?”

“உங்க ஊர்க்காரர்தானுங்க, மயில்சாமின்னு. பனியன் ஏவாரமாம். ஐப்பசியிலயே கொண்டாந்தாரு. ஆயிரத்தி நூறு சொன்னாரு. ஒரு தட்டுத் தட்டிப் பாத்தேன், மறுபேச்சுப் பேசாம எண்ணி வெச்சுட்டேன். மேல ஒரு வெடிப்பு, அது கெடக்குது. அதுக்குள்ள என்னமோ நீலமா இருக்குது, என்னன்னே தெரியல, தொடச்சாப் போக மாட்டீங்குது.”

சம்பந்தம் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

கிட்டுசாமி கெட்ட மனுஷர் இல்லை. கணக்குத் தெரிந்த மனுஷர். “உங்களை உட மனசில்லீங்க. ஆனா கிட்டாருக்கு நான் மொதல் போட்டுட்டேன். கிட்டாரோட வர்றவனுக்குத்தான் நான் சொன்ன சம்பளம். எங் கிட்டாருல வாசிக்கறதுன்னா அதுல பாதிதான் தர முடியும். கச்சேரி முடிஞ்சாப் பொட்டி எங்கிட்ட வந்தரோணும். சம்மதம்னா நாளைக்கே வாங்க. பாலக்காட்டுக்காரன் ஒருத்தன் அதுக்கே வர்றேங்கறான்.”

ஊர் ஊராகப் போகிற பிழைப்பு. கம்பெனி வேலையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. பாதிச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம், சாப்பாடு எதுவும் நடக்காது. “ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க” என்று எழுந்தார். கேட்டுச் சொல்ல வரமாட்டார் என்று கிட்டுசாமிக்கும் தெரிந்தது. மாடிப்படி இறங்குகிறபோது மேலே யாரோ அந்தக் கிட்டாரின் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார்கள். சம்பந்தம் இந்தத் தடவை நிற்கவில்லை.

வாரக் கடைசியில் மயில்சாமி தராசோடு கம்பெனிக்கு வந்தான். குவியலை அள்ளி வைத்துக்கொண்டிருந்தவன் முன்னால் சம்பந்தம் போய் நின்றார்.

“மாப்ளே, போத்தனூருக்கு மறுக்காப் போனியா?”

“போனனுங்க. அடுத்த நாளே.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணுலியா?”

“என்னன்னு சொல்றதுங்க? வேண்டாம்னு வட்டம் போட்டது நானுங்களா?” மயில்சாமி தராசுத் தட்டைக் கீழே வைத்தான். “வட்டம் உழுந்தா அது மயில்சாமி சரக்குன்னு மொதலாளி மூஞ்சிக்கு நேரா சொன்னவரு நீங்க. இதே எடத்துல நின்னு சொன்னீங்க. இப்ப உங்களுக்குன்னு வந்தா நாயம் மாறிப் போகுங்களா, மச்சான்?”

“அது போட்ட சத்தத்தைக் கேட்டியேடா.”

“கேட்டனுங்க. எனக்கு சங்கீதமும் தெரியாது, ஒரு மண்ணுந் தெரியாது. வாயில இருந்த வெத்தலையை முழுங்கிட்டேன். நீங்களுந்தான் கேட்டீங்க. கேட்டுட்டு சாக்பீஸை எடுத்தீங்க.”

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் குவியலில் கிடந்த ஒரு நீல வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மயில்சாமிக்கே அது பொறுக்கவில்லை போலிருக்கிறது, குரலை இறக்கினான்.

“அதுல வந்ததுல முந்நூறு ரூவா அக்காவுக்குத் தர்றேனுங்க. ஓடு மாத்திக்கட்டும். வேண்டாமுன்னு சொல்லாதீங்க.”

“வேண்டாம்” என்றார் சம்பந்தம்.

ஆனால் பழனியம்மாள் வாங்கிக்கொண்டாள். “நனையறது நானும் எம் புள்ளைகளும். உங்க ரோசத்தை விரிச்சு மேல போட்டா ஒழுகாம நிக்குங்களா?” என்று கேட்டாள். சித்திரைக்குள் புது ஓடு வேய்ந்தாயிற்று. அதற்குக் கீழேதான் அவர் படுத்து எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் கையில் சாக்பீஸ் ஓடவில்லை. பனியனை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். பொத்தல் தெரியும். சாக்பீஸை எடுப்பார். வட்டம் போடாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார். பொத்தல் இருந்தால் என்ன, போட்டுக்கொண்டால் உடம்புக்குத் தெரியவா போகிறது என்று ஒரு யோசனை வரும். மடித்து நல்ல சரக்கோடு வைத்துவிடுவார். அடுத்த பனியனில் ஒரு குறையும் இருக்காது, அதைக் கீழே வைக்க மனம் வராமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. பம்பாய்க்குப் போன மூட்டை ஒன்று திரும்பி வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று வந்தது.

பொங்கியண்ணன் சத்தம் போடவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னப்பா ஆச்சு உனக்கு? கண்ணுல பொரை கிரை உழுந்திருக்குதா?”

“கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது.”

“அப்பறமென்ன?”

சம்பந்தம் மேஜையில் கிடந்த பனியனை மடித்தார். பொங்கியண்ணன் உள்ளங்கையை நீட்டினார். சம்பந்தம் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மறுநாளிலிருந்து டியூப் லைட்டுக்கு அடியில் வேறு ஒருத்தன் நின்றான். சம்பந்தத்தை மூட்டை கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். கூலி குறைந்தது. பேர் மட்டும் மாறவில்லை. மூட்டைக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிறவரை இன்னமும் செக்கிங் சம்பந்தம் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடுகிறபோது சில பேர் சிரித்தார்கள்.

உள்ளூர்க் குழுவும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கோயமுத்தூர்க்காரரிடம் போகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே வேறு ஆள் போட்டுவிட்டார்கள். கயிறு இழுத்து இழுத்து விரல் தடித்துப்போனது. கிட்டுசாமி குழு திருப்பூருக்குக் கச்சேரிக்கு வந்தால் அன்றைக்கு அவர் வேறு பக்கம் போய்விடுவார். ஒரு தடவை தெரியாமல் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் நடந்து வந்தவர் காதில், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி வழியாக அந்தத் தடித்த கம்பி விழுந்தது. வந்த வழியே திரும்பினார். மழையாக இருந்தும் குடையை விரிக்கத் தோன்றவில்லை.

புதுக் கிட்டாரை விற்கவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. உள்ளறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவைத்தார். வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கிறபோது பழனியம்மாள் அதையும் ஈரத் துணியால் ஒரு துடை துடைப்பாள். எழுபத்தெட்டில் மூத்த பெண்ணைப் பார்க்க மூலனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனின் அப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பக்கத்தில் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அடேங்கப்பா, ஒரு கீறல் இல்லியே! இப்பத்தான் வாங்குனதுங்களா?”

சம்பந்தம் காப்பித் தம்ளரை நகர்த்தி வைத்தார். பழனியம்மாள்தான் பதில் சொன்னாள்.

“அஞ்சு வருசமாப் புதுசாத்தானுங்க இருக்குது.”